தன்னார்வலர் திலகம்

தை பிறந்தால் ஊருக்கெல்லாம் வழி பிறக்கும். தன்னார்வலர் திலகத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு பிறக்கும். 'ஆமையைக் காப்போம்' என்று அதற்குப் பெயர். முகப்பில் ஓர் ஆமைப் படம். அது கோயில் குளத்து ஆமை என்பதை யாரும் அவரிடம் சொல்வதில்லை. சொன்னால் குளத்து ஆமைக்கும் கடல் ஆமைக்கும் உள்ள வித்தியாசத்தை அவரே நமக்கு நாற்பது நிமிஷம் விளக்குவார்.

திலகத்தை உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஏரியில் ஆகாயத்தாமரை அள்ளியவர்களில் முன்வரிசையில் நின்றவர். மலைச்சாரலில் விதைப்பந்து எறிந்தவர். கொரோனா வந்தபோது தெருமுனையில் அண்டா வைத்துக் கபசுரக் குடிநீர் ஊற்றியவர். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும், சனி ஞாயிறு விடுமுறை, நல்ல சம்பளம். மனசும் நல்ல மனசுதான். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒரே ஒரு குறை, உலகத்தில் எந்த நல்ல காரியமும் தன் கை படாமல் நடந்துவிடக் கூடாது என்று நினைப்பார்.

அங்கேதான் ஆமையிடம் வந்து மாட்டிக்கொண்டார். கடலாமைக்கு நம்மால் ஆகிற உதவியில் முக்கால்வாசி, ஒன்றும் செய்யாமல் இருப்பது. தொடாதே, பேசாதே, விளக்கு அடிக்காதே, குறுக்கே போகாதே. சும்மா இருப்பது சித்தர்களுக்கே லேசில் கைகூடாத வித்தை. திலகத்துக்கு எங்கிருந்து வரும்?

ஜனவரி தொடங்கி மார்ச் வரை சென்னைக் கடற்கரையில் இரவு நேரத்தில் பங்குனி ஆமை கரையேறி முட்டையிடும். 1970களில் பாம்புப் பண்ணை ரோமுலஸ் விட்டேகரும் அவருடைய நண்பர்களும் இந்த மணலில் நடந்து கூடு தேடினார்கள். 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு அந்த வேலையைச் செய்துவருகிறது. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏறத்தாழ 7 கி.மீ., மணலில், நடுராத்திரியில். வெள்ளி, சனி இரவுகளில் பொதுஜனமும் கூடப் போகலாம். பொதுஜனம் என்றால் திலகமும் அவர் திரட்டி வரும் பட்டாளமும்.

புறப்பாட்டுக்குப் பத்து நாள் முன்பே குழுவில் அறிக்கைகள் வர ஆரம்பிக்கும். டி-ஷர்ட் அளவு கேட்டு ஒன்று. கையுறை, பவர் பேங்க், நெற்றியில் மாட்டும் விளக்கு என்று கொண்டுவர வேண்டிய சாமான்கள் பட்டியல் ஒன்று. "சாப்பாடு உண்டா?" என்ற மச்சினரின் கேள்விக்கு ஈ.சி.ஆர். ஓட்டல் ஒன்றின் மெனு கார்டு பதில். வீட்டில் அம்மா மட்டும் முறைப்பார்.

"ஏண்டா, ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுன்னு சொல்லுவாங்க. நீயா தேடிக்கிட்டுப் போறியே?"

"அம்மா, அது எங்கம்மா நம்ம வீட்டுக்கு வருது? நாங்கதான் அது வீட்டுக்குப் போறோம்."

யோசித்துப் பார்த்தால், திலகம் அந்த இரவு முழுவதும் பேசியதில் இது ஒன்றுதான் முழு உண்மை.

ஓட்டலில் எறா வறுவல், எறா தொக்கு, கூடுதலாக ஒரு எறா பிரியாணி. பதினோரு மணி வாக்கில் எல்லாரும் மணலில் வட்டமாக உட்கார, இருபது வயது மாணவி ஒருத்தி விதிகளைச் சொல்வாள். டார்ச் கூடாது. செல்போன் வெளிச்சம் கூடாது. ஆமை ஏறிவந்தால் அது குழி தோண்டி முட்டை போடத் தொடங்கும்வரை யாரும் அசையக் கூடாது. ஆளரவம் கேட்டால் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். ஒவ்வொரு விதியின் முடிவிலும் திலகம், "அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்பார். நெற்றியில் ஆயிரம் லூமன் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்.

"அங்கிள், அதைக் கொஞ்சம் அணைச்சிடுங்க."

"இது சும்மா சேஃப்டிக்கும்மா."

அணைப்பார். ஆனால் வாயை எப்படி அணைப்பது? கொட்டிவாக்கம் வருவதற்குள் கூர்மாவதாரம் முடிந்திருக்கும். அடுத்தது யூடியூபில் கேட்ட சரித்திரம்: தமிழன் ஆமைக்குப் பின்னாலேயே படகு ஓட்டிப்போய்த்தான் உலகத்தைக் கண்டுபிடித்தான். இதைச் சொல்லும்போது அவர் குரலில் தானும் அந்தப் படகில் இருந்த தோரணை தெரியும். பிறகு வள்ளுவர். ஐம்புலனையும் ஆமைபோல் அடக்கச் சொன்ன குறளை எடுத்துக்கொண்டு, "நம்ம பாட்டன் இதே கடற்கரையிலதான் இந்த ஆமையைப் பார்த்திருக்கணும்" என்பார். உடன் நடக்கும் மாணவன் மெதுவாக, "சார், கடலாமையால தலையையும் காலையும் ஓட்டுக்குள்ள இழுத்துக்க முடியாது. வள்ளுவர் சொன்னது வேற ஆமையா இருக்கும்" என்பான். கால் கிலோமீட்டர் தூரம் மௌனம். அந்த மாணவனுக்கு நான் மானசீகமாக ஒரு பொன்னாடை போர்த்தினேன்.

இந்த இடத்தில் இன்னொரு மனிதரைப் பற்றிச் சொல்லாவிட்டால் மனசு ஆறாது. சதீஷ் பாஸ்கர். சென்னை ஐ.ஐ.டி.யில் படிக்க வந்தவர், படிப்பை விட்டுவிட்டு இந்தியக் கடற்கரைகளில் ஆமைத் தடம் தேடி நடந்தே வாழ்க்கையைக் கழித்தவர். 1982இல் மழைக்காலம் முழுவதும் லட்சத்தீவுகளில் ஆளே இல்லாத சுஹேலித் தீவில் தனியாக இருந்தார். பருவமழை தொடங்கிவிட்டால் படகு போக்குவரத்து கிடையாது. முடிந்த பிறகுதான் வந்து அழைத்துப்போவார்கள். மனைவிக்குக் கடிதம் எழுதிப் பாட்டிலில் அடைத்துக் கடலில் எறிந்தார். அது இலங்கையில் ஒரு மீனவர் கையில் கிடைத்து, அவர் தபாலில் சேர்த்து, வீடு வந்து சேர்ந்தது. திலகத்துக்குத் திருவான்மியூர்க் கடற்கரையில் ஐந்து நிமிஷம் சிக்னல் கிடைக்காவிட்டால் மூச்சு முட்டும். லைவ் லொகேஷன் அறுந்துபோனால் இத்தனை தூரம் நடந்ததற்குச் சாட்சி ஏது?

பாதி வழியில் ஒரு செத்த ஆமை கிடக்கும். அனேகமாக எல்லா நடையிலும் கிடக்கும். மாணவர்கள் ஓட்டை அளந்து நோட்டில் எழுதுவார்கள். 2025 ஜனவரியில் சென்னையிலும் சுற்றுவட்டாரக் கடற்கரைகளிலும் ஆயிரத்துக்கு மேல் இப்படி ஒதுங்கின. பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கு எடுத்து விசாரித்தது. ஆமைக்கு நுரையீரல்தான். மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். அடியில் இழுபடும் இழுவலையில் சிக்கினால் மூச்சடைத்துப் போகும். கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்று தமிழ்நாட்டில் 1983லேயே சட்டம் போட்டாயிற்று. ஆமை தப்பிப்போக வலையிலேயே கதவு வைக்கிற கருவியும் இருக்கிறது.

"என்ன பிடிக்கறதுக்கும்மா இந்த இழுவலை போடறாங்க?" என்று திலகம் கொதிப்போடு கேட்பார்.

"பெரும்பாலும் எறாவுக்குத்தான் அங்கிள்."

மச்சினர் ஏப்பத்தை அடக்கிக்கொள்வார். திலகம் கடலைப் பார்த்தபடி, "அரசாங்கம் என்ன பண்ணுது?" என்பார்.

கூடு கண்டுபிடிக்கிற பெருமையும் திலகத்துக்குக் கிடைப்பதில்லை. குப்பத்தருகில் படகு நிழலில் படுத்திருக்கும் பெரியவர் ஒருவர் எழுந்து பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "இன்னா சார், ஆமைக்கா வந்தீங்க? இப்பத்தான் அந்தாண்ட ஏறி எறங்கிச்சு. நீங்க அதைத் தாண்டித்தான் பேசிக்கினே வர்றீங்க" என்பார். திரும்பிப்போய்ப் பார்த்தால் சிறு டிராக்டர் ஏறி இறங்கிய மாதிரி தடம். அதன் மேல் எங்கள் பட்டாளத்தின் செருப்புத் தடங்கள்.

அதற்குப் பிறகு நடக்கிறதைப் பார்க்கத்தான் கோடிப் பேர் வந்தாலும் தகும் என்பேன். மாணவன் ஒரு கம்பை மணலில் மெல்ல ஊன்றி ஊன்றிப் பார்ப்பான். ஓரிடத்தில் கம்பு சட்டென்று இளகி இறங்கும். கையாலேயே தோண்டினால் ஒன்றரை அடி ஆழத்துக்குக் கழுத்து குறுகி, வயிறு அகன்ற குழி. உள்ளே நூறு, நூற்றிருபது முட்டைகள்; வெள்ளையாக, உருண்டையாக, ஓடு தோல்போல மெத்தென்று. தாய் பின்கால்களால் இருட்டில் பார்க்காமலே தோண்டிய குழி அது. நேரம் கடத்தாமல், குலுக்காமல், உருட்டாமல் எடுத்துப் பையில் அடுக்க வேண்டும். சில மணி நேரம் போய்விட்டால் உள்ளே கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் புரட்டினால் பிழைக்காது. விடிவதற்குள், முட்டைகளைப் பாதுகாத்துப் பொரிக்கவிடும் பெசன்ட் நகர் பொரிப்பகத்தில் அதே ஆழம், அதே வடிவத்தில் குழி தோண்டி வைத்தாக வேண்டும்.

எண்ணும் பொறுப்பைத் திலகம் கேட்டு வாங்கிக்கொள்வார். "அறுபத்தி ரெண்டு, அறுபத்தி மூணு... பாருங்க, இதுல எவ்வளவு கால்ஷியம் தெரியுமா... எங்க விட்டேன்?" மாணவி தன் பாட்டுக்கு விரலில் எண்ணி வைத்திருப்பாள். "நூத்திப் பதினெட்டு." திலகம், "எனக்கும் அதான் வந்துச்சு" என்பார்.

மறுநாள் காலை அவர் முகநூல் பக்கத்தில், '118 உயிர்களைக் காத்த இரவு'. படத்தில் நடுவில் அவர். ஓரத்தில் பாதி முகமாக வெட்டுப்பட்டு நிற்பது கூட்டைக் கண்டெடுத்த மாணவன். பீடிப் பெரியவர் படத்திலேயே இல்லை.

நாற்பத்தைந்து, ஐம்பது நாளில் குஞ்சு பொரிக்கும். கடலில் விடுகிற மாலை நேரத்துக்குத் திலகம் குடியிருப்பையே திரட்டிக்கொண்டு வருவார். மணலில் ஒரு கோடு கிழித்து, அதைத் தாண்டக் கூடாது என்பார்கள். உள்ளங்கையில் அடங்குகிற கருங்குஞ்சுகள் துடுப்புக்கால்களை அடித்துக்கொண்டு தண்ணீரை நோக்கி நகரும். ஓர் அலை வந்து பாதியை உருட்டிக் கரையிலேயே தள்ளிவிட்டுப் போகும். அவை மறுபடியும் முதலிலிருந்து நடக்கும். கோட்டுக்கு இந்தப் பக்கம் திலகம் தவிப்பார், தவிப்பார், அப்படித் தவிப்பார்.

"ஏம்மா, அந்தக் கடைசிக் குஞ்சைக் கையில எடுத்துத் தண்ணியில விட்டா என்ன? பாவம்மா."

"அது தானா நடந்துதான் போகணும் அங்கிள்."

வேறு வழியில்லாமல் உற்சாகப்படுத்தத் தொடங்குவார். "வாடா ராஜா, போடா ராஜா, என் சிங்கமே!"

மாணவி அடக்கமாகச் சொல்வாள்: "அங்கிள், மணல் சூடா இருந்தா பொரிக்கிறது பெரும்பாலும் பொட்டைதான். இந்த வெயில்ல வெந்த மணல்ல ராஜா வர்றது கஷ்டம்."

திலகம் ஒரு நொடிதான் தயங்குவார். "போடி தங்கம்!"

ஆயிரம் குஞ்சில் ஒன்று பெரிதானால் அதிகம் என்பார்கள். நண்டு, காகம், நாய், பெரிய மீன் எல்லாவற்றையும் தாண்டிப் பிழைத்த பெண், பத்துப் பதினைந்து வருஷம் கழித்து முட்டையிட, தான் பிறந்த கரைப்பக்கமாகவே தேடி வரும். அப்போது திலகம் ஓய்வு பெற்றிருப்பார். தாத்தா எப்படி இவளைக் கடலில் விட்டார் என்ற கதையைப் பேரனுக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்.

இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. ஒன்று மட்டும் எனக்குச் செரிக்கவில்லை. திலகம் குடியிருப்பது கடலைப் பார்த்த அடுக்குமாடி. சங்கச் செயலாளர் அவர்தான். மொட்டைமாடியில் கடலைப் பார்த்து ஒரு ராட்சத விளக்கு, அவர் காலத்தில் போட்டது, ராத்திரி முழுக்க எரியும். குஞ்சு மணலைவிட்டு வந்ததும் எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் போகும். விளக்கில்லாத கரையில் அது கடல். இங்கே திலகத்தின் மொட்டைமாடி. பொரிப்பகத்துக்காரர்கள் கண்ணில் படாமல் போன கூட்டின் குஞ்சுகள் ரோட்டுக்கு வந்து நசுங்குவது இப்படித்தான். மாணவி ஒருமுறை இதை அவரிடம் சொன்னாள்.

"வாஸ்தவம்தான்மா. ஆனா அதை ஜெனரல் பாடியில வெச்சுத்தான் முடிவு பண்ணணும். திருட்டுப் பயம் வேற."

7 கி.மீ. மணலில் விடிய விடிய நடந்த மனிதருக்கு, மாடிப்படி ஏறிப்போய் ஒரு ஸ்விட்சை அணைக்க ஜெனரல் பாடி வேண்டியிருக்கிறது.

கடலோரத்தில் குடியிருக்கும் வாசகர்களே, டி-ஷர்ட் வேண்டாம், கையுறை வேண்டாம், முகநூல் படமும் வேண்டாம். ஜனவரி முதல் மே வரை ராத்திரியில் கடலைப் பார்த்த விளக்கை மட்டும் அணைத்து வையுங்கள். உங்கள் குடியிருப்புச் செயலாளர் திலகமாக இருந்தால், அந்த ஸ்விட்சுக்கு ஒரு திறப்பு விழா வைத்து அவரையே அணைக்கச் சொல்லுங்கள். கட்டாயம் வருவார்.