கடைவாய்ப் பல்லும் கட்டணவியலும்: ஒரு முன்னாய்வு

பல்வலி பற்றி வைத்திய நூல்கள் விரிவாகவே பேசுகின்றன. வலி தீர்ந்தபின் கைக்கு வரும் பில்லைப் பற்றித்தான் எதுவும் வாய் திறப்பதில்லை. அக்குறையைப் போக்க எழுந்தது இவ்வாய்வு. களம், தமிழ்நாட்டுத் தனியார் பல் கிளினிக். கருதுகோள் வருமாறு: நோயாளி கொண்டுபோவது ஒரு பல், கிளினிக் அதைப் பல பொருளாகப் பகுத்து விலையிடுகிறது.

முதற்கண் எண். வளர்ந்தவர் வாயில் 32 பற்களே உள. பில்லிலோ '46' என்றிருக்கும். அத்தனை பல்லுக்கா காசு என்று பதற வேண்டா. வாயை நான்காகப் பிரித்தால் கீழ் வலப்பக்கம் 4; அதில் நடுவிலிருந்து எண்ணினால் ஆறாவது பல். பன்னாட்டு வழக்கு அப்படி.

இனிப் பகுப்பு. "ரூட் கேனல் எவ்வளவு?" என்று போனில் கேட்டவருக்குச் சொன்ன தொகையில் பெரும்பாலும் கேப் இராது. எக்ஸ்ரேயும் வேறாக இருக்கலாம். இதை மறைப்பு எனல் பிழை; வினவியதற்கு மட்டும் விடையிறுத்தல் என்னும் உத்தி. பல்லுக்குப் பல் விலையும் மாறும். முன்பல்லில் பெரும்பாலும் வேர்க்குழாய் ஒன்றே. மேல் கடைவாய்ப் பல்லில் மூன்று, பலருக்கு நான்கு, நான்காவது ஒளிந்துகொள்ளும். அதைத் தேடும் நேரத்துக்கும் யாராவது கொடுத்துத்தானே ஆகவேண்டும்! ஆகவே சிரிக்கும் பல் மலிவு, மெல்லும் பல் விலை கூடுதல்.

கேப்பை டாக்டர் செய்வதில்லை. அளவெடுத்து லேபுக்கு அனுப்புவார். லேப் அவருக்குப் பில் போடும். (சேர், கம்ப்ரசர், ஆட்டோகிளேவ் எல்லாம் அவர் கைக்காசு என்பதையும் நடுநிலையாளர் மறக்கலாகாது.) மெட்டல், செராமிக், ஜிர்கோனியா என ஏறுவரிசை. ஜிர்கோனியாவுக்கு வாரண்டி கார்டே உண்டு. அது கேப்புக்கு மட்டும். அடியிலுள்ள பல்லுக்கு அன்று. பல்லை வாங்கிய இடத்தில் போய்க் கேட்கவும் வழியில்லை.

வசூல் காலம் தனி இயல். பலருக்கு முதல் சிட்டிங்கிலேயே வலி அடங்கிவிடுகிறது. வலி அடங்கியவர் கேப் போட வருவது ஐயமே. எனவேதான் ரிசப்ஷனில், "இன்னிக்குப் பாதி கட்டிருங்க சார், மீதி கேப் போடறப்ப பாத்துக்கலாம்" என்கிறார்கள். கடன் வசூலில் இதைவிடக் கூர்ந்த கணிப்பை நாம் கண்டதில்லை.

இன்சூரன்ஸ்? சாதாரண பாலிசிகள் விபத்தில் உடைந்த பல்லுக்கு இரங்கும், சொத்தைக்கு இரங்கா. வரி விஷயத்தில் அரசு தெளிவு: சிகிச்சைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு, வெறும் அழகுக்காகச் செய்வதற்கு இல்லை. வலியை மன்னிக்கும் சட்டம் புன்னகையை மன்னிப்பதில்லை.

கருதுகோளுக்கு அசைக்க முடியாத சான்று பிரிட்ஜ். ஒரு பல் விழுந்த இடத்தில் அதைக் கட்ட, இருபுறமும் நிற்கும் பற்களை ராவி, மூன்று யூனிட் பில் போடுவர். ஒரு தப்பும் செய்யாத பக்கத்துப் பற்களுக்கும் காசு, இல்லாத பல்லுக்கும் காசு. இல்லாததற்கு எப்படி விலை என்று வாதிடுவோர் லேப்காரரைக் கேட்கட்டும். இருக்கிற பல்லுக்கு அவர் உறை செய்தால் போதும். இல்லாத பல்லைத்தான் முழுசாகச் செய்யவேண்டியிருக்கிறது. அதற்கும் அதே யூனிட் விலைதான் போடுகிறார்கள் என்பதே இவ்வாய்வாளருக்கு வியப்பு.