பொறியியல் மாணாக்கரின் எழுத்து வளர்ச்சி: நன்னூல் வழி ஓர் ஆய்வு

தொழில்நுட்ப எழுத்து என்பது, ஒரு கருவி எப்படி இயங்குகிறது, ஒரு வேலையை எப்படிச் செய்வது, செய்ததில் என்ன விளைந்தது என்பவற்றை, அவற்றை முன்பின் அறியாத ஒருவர் படித்த மாத்திரத்தில் விளங்கிக்கொண்டு செயற்படுமாறு எழுதும் உரைநடையாகும். தமிழகத்துப் பொறியியல் கல்லூரிகளில் இது முதலாண்டிலேயே ஒரு தாளாக வைக்கப்பட்டு, நான்காண்டுகளில் மாணாக்கர் இதில் வளர்வார் என்று பாடத்திட்டத்தாலும், வளர்ந்துவிட்டோம் என்று பருவ முடிவில் மாணாக்கராலும் ஒருமனதாகச் சான்றளிக்கப்படுகிறது. அவ்வளர்ச்சியை அளக்கும் கோல் எது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள். பவணந்தி முனிவர் நன்னூலில் சிறப்புப் பாயிரத்துக்குக் கூறிய எட்டுச் செய்திகளுள் கேட்போர், பயன் என்னும் இரண்டும், அதாவது ஒரு நூல் யாருக்காக, எதற்காக என்பவை, அதற்குப் போதும் என்பது இங்குக் கொள்ளப்படும் துணிபு. 13ஆம் நூற்றாண்டு இலக்கணத்தை ஸ்பைரல் பைண்டிங் நூல்களுக்குப் பொருத்தலாமா என்று ஐயுறுவோர், அது எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது என்பதைக் கண்டபின் அவ்வையத்தை விட்டுவிடுவர்.

வளர்ச்சியின் தொடக்கநிலை ரெக்கார்டு நோட்டு. ரெக்கார்டு என்பது, ஆய்வகத்தில் செய்த சோதனையை விடுதியில் அமர்ந்து நல்ல கையெழுத்தில் எழுதி, அடுத்த வகுப்பில் கையொப்பம் பெறுவதற்குரிய நோட்டு. இதன் இடப்பக்கம் கோடில்லாமல் பென்சில் படத்துக்கும் அட்டவணைக்கும், வலப்பக்கம் கோடிட்டு, எய்ம் தொடங்கி ரிசல்ட் ஈறாகப் பேனா எழுத்துக்கும் உரியவை. நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என நன்னூல் மூவகைப்படுத்தும். முதல்நூல் எதையும் பின்பற்றாமல் தானே தோன்றுவது, வழிநூல் முதல்நூலின் பொருளை முழுதும் தழுவிச் சிறிது வேறுபடுவது, சார்புநூல் சிறிதே ஒத்துப் பெரிதும் வேறுபடுவது. ரெக்கார்டு மரபில் முதல்நூல் இதுவரை கண்டெடுக்கப்படவில்லை. ஒவ்வொரு ரெக்கார்டும் ஒரு சீனியரின் ரெக்கார்டுக்கு வழிநூலாகவும், அந்தச் சீனியருடையது தனக்கு மூத்தவருடையதற்கு வழிநூலாகவும் இருப்பதால், ஆய்வாளர் பின்னோக்கிப் போகப்போக அட்டை கிழிந்த நோட்டுகளே எஞ்சுகின்றன. சுவடிப் பதிப்பாசிரியர்கள் பாடவேறுபாடுகளை ஒப்பிட்டு ஏடுகளின் கொடிவழியைக் காணும் முறை இங்கு ஓரளவு கைகொடுக்கும். ஒரு சீனியர் தூக்கக் கலக்கத்தில் ‘நைஃப் எட்ஜ்’ என்பதை ‘நைட் எட்ஜ்’ என்று எழுதிவிட்டால், அதன்பின் அந்த விடுதியில் எந்த நோட்டு எந்த அறைக்குப் போனது என்பதைச் சொல்ல அந்த ஒரு பிழையே போதும்.

இந்நூல்களின் ரிசல்ட் பகுதியில் தோல்வியுற்ற சோதனை என்று ஒன்று காணப்படுவதில்லை. எஃகின் யங் குணகம் ஏறத்தாழ 200 கிகாபாஸ்கல் என்பது புத்தகத்திலேயே இருப்பதால், அவ்விடையிலிருந்து புறப்பட்டு, அதற்கு ஒத்துவரும் அளவீடுகளை அட்டவணையில் நிரப்பிக்கொண்டு தொடக்கத்துக்கு வந்து சேர்வது வழக்கம். இதனைப் பின்னோக்குக் கணிப்பு எனலாம். இயற்பியலில் இது தவறு என்பது உண்மையே எனினும், எழுத்தியலில் குறை சொல்வதற்கில்லை. இந்நூலின் கேட்போர் கையொப்பமிடும் ஆசிரியர் ஒருவரே. அவர் படிப்பது கடைசி வரி மட்டுமே. பயனோ அந்தக் கையொப்பம். கேட்போரும் பயனும் இவ்வளவு துல்லியமாக ஒருவர்பால் அடங்கும் நூலை வேறெங்கும் காண்டல் அரிது.

இரண்டாம் நிலை தேர்வுத்தாள். அண்ணா பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப ஆங்கிலத் தாளை எழுதியோர் அனைவரும் அறிந்த எண் எட்டு. லிஃப்டைப் பயன்படுத்துவோர்க்கு எட்டு இன்ஸ்ட்ரக்‌ஷன் எழுதுக, தண்ணீரைச் சேமிக்க எட்டு ரெகமண்டேஷன் எழுதுக என்பன வினாக்கள். இன்ஸ்ட்ரக்‌ஷன் என்பது ‘மூடு’, ‘திற’ என ஏவலில் வருவது. ரெகமண்டேஷன் என்பது ‘மூட வேண்டும்’, ‘திறக்க வேண்டும்’ எனப் பரிந்துரையாக வருவது. செக்லிஸ்ட் என்பது ‘மூடியாயிற்றா?’, ‘திறந்தாயிற்றா?’ என வினாவாக வருவது. ஆகவே எட்டு வாக்கியங்களை மனப்பாடம் செய்த மாணாக்கர் வினைமுற்றை மாற்றியே மூன்று இலக்கிய வகைகளிலும் வல்லவராகிவிடுகிறார். பெருவினாவுக்கு 16 மதிப்பெண் என்றிருந்தவரை, எட்டும் முழுவினாவாக வந்தால் ஒரு வாக்கியத்துக்கு இரண்டு என்ற கணக்கு பிசகாமல் வந்தது. பின்னர் அது 13 ஆன தாள்களில் ஒரு வாக்கியத்தின் பெறுமதி 1.625 ஆகிவிட, எட்டின் இறையியலில் விரிசல் விழுந்தது. இங்குக் கேட்போர் லிஃப்டில் ஏறுபவர் அல்லர், விடைத்தாள் திருத்துபவர் என்பதையும், அவர் மாடிப்படியில் ஏறி வந்திருக்கவும் கூடும் என்பதையும் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாம் நிலையாகிய இறுதியாண்டு ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில்தான் எழுத்தாளர் விசுவரூபம் எடுக்கிறார். நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களுக்கு எடுத்துக்காட்டுத் தேடி அலையும் தமிழாசிரியர்கள் பக்கத்துத் துறையின் நூலகத்துக்குள் ஒருமுறை போய்வரலாம். முகத்தை அடையாளங்கண்டு வருகைப்பதிவு செய்யும் மென்பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டால், அதைப் பற்றி அப்ஸ்ட்ராக்டில் சொன்னதை முன்னுரையிலும், முன்னுரையில் சொன்னதை முடிவுரையிலும் சொல்வது கூறியது கூறல். ‘மென்பொருள் விளக்கம்’ என்ற இயலில், கைடோ வான் ராசம் 1991இல் பைத்தான் மொழியை வெளியிட்ட வரலாறு தொடங்கி அம்மொழியின் சிறப்புகள் பல பக்கங்களுக்கு நீள்வது மற்றொன்று விரித்தல். அந்த மென்பொருள் மெய்யாகவே யாருடைய முகத்தையாவது அடையாளங்கண்டதா என்று கூறவேண்டிய இயல் அரைப்பக்கத்தில் அடங்கி, ‘வருங்கால மேம்பாடுகள்’ என்ற தலைப்பின்கீழ் மூச்சு நின்றுபோவது சென்றுதேய்ந்து இறுதல். பக்க எண்ணிக்கை போதாதபோது, இடப்பக்க ஓரம் 35 முதல் 40 மில்லிமீட்டர் இருக்கலாம் என்ற பல்கலைக்கழக விதியில் 40ஐத் தேர்ந்தெடுக்கும் நுட்பத்தை வழிகாட்டிகள் சொல்லித் தருவதில்லை. அது குருவின்றி வரும் ஞானம்.

பிறர் எழுத்தை எடுத்தாண்டதைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் வந்தபின் இந்நிலையில் ஒரு புதிய நடை தோன்றியது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகள், ஆய்வேடுகளில் பிறர் எழுத்தோடு 10 விழுக்காடு வரை ஒத்திருந்தால் தண்டனை இல்லை என்று வரம்பு கட்ட, ஒப்புமை விழுக்காடு என்பது கல்லூரிகளின் அன்றாடப் பேச்சாயிற்று. வரம்புக்குள் நிற்க எண்ணியோர் சொல்லுக்குச் சொல் மாற்றுச்சொல் இடும் கருவிகளை நாடினர். இது மாணாக்கர் மட்டுமே செய்யும் குறும்பன்று. ஆய்விதழ்களிலேயே இத்தகைய தொடர்கள் மலிந்திருப்பதை 2021இல் கியோம் கபனாக், சிரில் லபே, அலெக்சாந்தர் மகசினோவ் ஆகிய மூவர் திரட்டிக் காட்டி, ‘சித்திரவதைக்குள்ளான தொடர்கள்’ என்று அவற்றுக்குப் பெயரிட்டனர். அத்திரட்டில் செயற்கை நுண்ணறிவு ‘கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்’, அதாவது கள்ள உணர்வு, ஆகியிருந்தது. இந்நிலையின் கேட்போர் ஒரு மென்பொருள். மனிதர் எவரும் படிக்கமாட்டார் என்ற உறுதி எழுத்தாளருக்கு அளிக்கும் விடுதலை சாமானியமானதன்று.

இம்மூன்று நிலைகளையும் வரிசைப்படுத்திப் பார்ப்போர் வளர்ச்சியே இல்லை என்ற முடிவுக்கு வரக்கூடும். அது அவசர முடிவு. இதுவரை ஆய்வாளர் கவனத்துக்கு வராத சான்றுத் தொகுதி ஒன்று வாட்ஸ்அப்பில் கிடக்கிறது. செய்முறைத் தேர்வுக்கு முந்திய இரவில், மேற்சொன்ன யங் குணகம் காணும் சோதனையைப் பற்றி ஜூனியர் ஒருவர், “அண்ணா, நாளைக்கு எனக்கு நான்-யூனிஃபார்ம் பெண்டிங் வந்தா என்ன பண்றது?” என்று கேட்க, சீனியர் எழுதி அனுப்பும் விடை பெரும்பாலும் பின்வரும் தன்மையது: “தம்பி, மூணாவது டேபிள் மைக்ரோஸ்கோப் வேணாம், திருகு லூஸ். பின் தலைகீழாத்தான் தெரியும், பயப்படாத. திருகை ஒரே பக்கமா திருப்பு, முன்னும் பின்னும் ஆட்டுனா ரீடிங் தப்பா வரும். திருகை ஒரே பக்கமா திருப்பு, முன்னும் பின்னும் ஆட்டுனா ரீடிங் தப்பா வரும். வெயிட்டை மெதுவா வை, பின் நகந்துட்டா மொதல்லேர்ந்து எடுக்கணும். ஏத்தும்போது எடுத்த மாதிரியே எறக்கும்போதும் எடு, மறந்துறாத.”

இவ்விடையை உற்றுநோக்கினால், செய்யும் வரிசை பிறழாமல் படிகள் அமைந்திருப்பதும், ஆபத்து வருமிடத்துக்கு முன்பே எச்சரிக்கை வந்துவிடுவதும், தவிர்க்க வேண்டிய கருவி மேசை எண்ணோடு சுட்டப்பட்டிருப்பதும், ஒவ்வொரு விலக்குக்கும் காரணம் பின்னாலேயே தொடர்வதும் புலனாகும். அந்த மைக்ரோஸ்கோப், அதாவது நகரும் நுண்ணோக்கி, தலைகீழ் உருவத்தைக் காட்டும் என்பது ஒளியியல் உண்மை. அதைப் பார்த்து முதலாண்டு மாணாக்கர் திடுக்கிடுவார் என்பது கேட்போரைப் பற்றிய அறிவு. ரெக்கார்டில் முன்னதற்கும் இடமில்லை, பின்னதற்கும் இடமில்லை. எண்ணிப் பார்த்தால் ‘எட்டு’ என்ற வரம்பும் இதில் கைவிடப்பட்டுள்ளது. எத்தனை தேவையோ அத்தனை. ஓராண்டுக்கு முன் அதே சோதனைக்கு வழிநூல் எழுதிய அதே கைதான் இதனை எழுதியது என்பதை வைத்து நோக்கின், தமிழகப் பொறியியல் கல்வியில் தொழில்நுட்ப எழுத்து வளர்ந்திருப்பது மெய் என்றும், அது பாடவேளைக்கு வெளியே, மதிப்பெண் இன்றி, ஆங்கிலத்திலும் அன்றி வளர்ந்தது என்றும் கொள்ள வேண்டியிருக்கிறது.

எஞ்சியிருப்பது இவ்வளர்ச்சியை மாணாக்கர் தாமே மதிப்பிடும் படிவம். 2014 ஜூன் மாதம் இந்தியா, பொறியியல் கல்வி அங்கீகாரத்துக்கான வாஷிங்டன் உடன்படிக்கையில் நிரந்தர உறுப்பு நாடானதை அடுத்து, தேசிய அங்கீகார வாரியத்தின் நோக்கில் ஒவ்வொரு பாடமும் என்ன விளைவைத் தந்தது என்று அளந்து காட்டுவது கல்லூரிகளுக்கு இன்றியமையாததாயிற்று. வாரியம் அப்போது வகுத்திருந்த பன்னிரண்டு விளைவுகளில் பத்தாவதாக இருந்தது தொடர்பாடல். தெளிவான அறிவுறுத்தல்களைக் கொடுக்கவும் பெறவும் வல்லராதல் அதன் ஒரு கூறாக இருந்தது. இவ்விளைவுகளை அளப்பதில் தேர்வு மதிப்பெண் நேரடிச் சான்று எனவும், ‘இப்பாடத்தின் முடிவில் அறிக்கை எழுதும் திறன் பெற்றேன்’ என்பது போன்ற வரிகளுக்கு எதிரே ஒன்று முதல் ஐந்து வரை மாணாக்கர் இடும் குறி மறைமுகச் சான்று எனவும் வழங்கும். துறை பல முடித்தவரேயாயினும் ஒருவர் தம்மைத் தாமே புகழ்தல் தகாது என்று விலக்கிய நன்னூல், அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தம் ஆற்றலை அறியாதாரிடத்தும், அவையில் வெல்ல வேண்டியபோதும், தம்மைப் பிறர் பழித்தபோதும் அது பொருந்தும் என்று நான்கு விதிவிலக்குகள் தந்துள்ளது. படிவத்தை அரசவைக்குப் போகும் ஓலையாகக் கொண்டு முதல் விலக்கில் அடக்கிவிடலாம்.

சிக்கல் ஐந்தில் மூன்றைக் குறிப்பவரிடம் எழுகிறது. பருவத்தின் கடைசி நாளன்று வகுப்புப் பிரதிநிதி படிவங்களை அடுக்கும்போது எல்லோரும் ஐந்தை மேலிருந்து கீழ்வரை ஒரே கோட்டில் குறித்திருக்க, யோசித்து யோசித்து மூன்றும் இரண்டுமாகக் குறித்தவர் ஓரிருவர் இருப்பதுண்டு. அவர்களால் சராசரி இலக்குக்குக் கீழே இறங்கிவிடும் என்பதால், துறை அலுவலகத்துக்கு அழைக்கப்பட்டு, அடித்தல் திருத்தல் கூடாது என்ற விதிப்படி புதுப் படிவம் ஒன்றும், “எதுக்குப்பா வம்பு, அஞ்சு போட்டுட்டுப் போ” என்ற அறிவுரையும் அவர்களுக்கு வழங்கப்படுகின்றன. பிறர் வற்புறுத்தலால் தம்மைத் தாமே புகழ நேரும் இந்நிலை மேற்கூறிய நான்கனுள் எதிலும் அடங்காமையின், இதற்கு ஐந்தாம் விலக்கு ஒன்று தனியே வகுக்கப்பட வேண்டியுள்ளது.