மணப்பெண் ஏன் சிவந்தாள்?

கேள்வி: மானிட்டரைக் கருவி வைத்து அளந்து, நிறத்தைத் துல்லியமாகச் சரிசெய்தேன். ஆனாலும் நான் எடுத்த கல்யாணப் படம் குரோமில் இயல்பாகவும், ஃபயர்ஃபாக்ஸில் மணப்பெண் முகம் தக்காளிச் சிவப்பாகவும் தெரிகிறதே, ஏன்?

பதில்: நாணம் என்று சொல்லித் தப்பிக்க ஆசைதான்! கலர் புரொஃபைல் (நிறங்களை எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்லும் குறிப்பு) என்பது ஜாதகம். திரைக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று. பொருத்தம் பார்ப்பது பிரௌசரின் வேலை.

படத்தில் ஜாதகம் இல்லாவிட்டால்தான் தகராறு. குரோம் அதை எஸ்ஆர்ஜிபி என்று எடுத்துக்கொண்டு (1996-ல் எச்பியும் மைக்ரோசாஃப்டும் முன்வைத்த பொது நிறத் தரம் அது) உங்கள் திரைக்கேற்ப மாற்றிவிடும். ஃபயர்ஃபாக்ஸோ வழக்கமான அமைப்பில் புரொஃபைல் உள்ள படங்களை மட்டுமே கவனிக்கும். மற்றவற்றின் நிற எண்களை அப்படியே திரைக்குத் தள்ளிவிடும். சாதாரணத் திரையில் இது அவ்வளவாகத் தெரியாது. எஸ்ஆர்ஜிபியைவிட அதிக நிறங்களைக் காட்டும் திரை என்றால், சிவப்பு பொங்கி வழியும்.

பரிகாரம் இரண்டு. படத்தை எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, புரொஃபைலையும் உள்ளே சேர்த்தே சேமியுங்கள். ஃபயர்ஃபாக்ஸின் 'அபௌட்:கான்ஃபிக்' பக்கத்தில் 'ஜிஎஃப்எக்ஸ்.கலர்_மேனேஜ்மென்ட்.மோட்' என்பதை 2-லிருந்து 1 ஆக்குங்கள்.

எப்படியும் பெண் வீட்டார் அதை வாட்ஸப்பில், போன் வெளிச்சத்தை முழுசாகக் கூட்டி வைத்துத்தான் பார்க்கப்போகிறார்கள். அந்த தோஷத்துக்கு என்னிடம் பரிகாரம் இல்லை!