புரட்சி ஞாயிற்றுக்கிழமை என்றால் நானும் வருகிறேன்

ஊழல் அரசியலுக்கு எதிராக மக்கள் வீதிக்கு வர வேண்டுமா என்று கேட்டால், வந்தே தீர வேண்டும் என்கிற கட்சி நான். இதில் எனக்குக் குழப்பமே இருந்ததில்லை. எந்த வீதி, எத்தனை மணிக்கு, வண்டியை எங்கே நிறுத்துவது என்பதில்தான் எப்போதும் சிக்கல்.

1996-இல் ‘இந்தியன்’ படம் வந்தபோது, லஞ்சம் வாங்கிய அதிகாரிகளை அதில் வரும் தாத்தா வர்மத்தால் முடக்கிப் போட, நான் கை சிவக்கத் தட்டினேன். கவுன்ட்டர் வரிசையில் நிற்கப் பொறுமையில்லாமல் பிளாக்கில் டிக்கெட் வாங்கித்தான் உள்ளே போயிருந்தேன். தட்டிய கையும் டிக்கெட் வாங்கிய கையும் ஒன்றுதான் என்பது அன்றைக்கு உறைக்கவில்லை.

2011 ஏப்ரலில் அண்ணா ஹசாரே டெல்லி ஜந்தர் மந்தரில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். ஆதரவு தெரிவிக்க மிஸ்டு கால் கொடுத்தால் போதும் என்றார்கள். எனக்கென்றே வடிவமைத்த போராட்டம்! காசும் செலவில்லை, எதிர்முனையில் யாரும் எடுத்துப் பேசப்போவதும் இல்லை. ஆகஸ்டில் அவர் ராம்லீலா மைதானத்தில் மறுபடி உட்கார்ந்தபோது ஒரு படி மேலே போய் மெழுகுவத்திப் பாக்கெட் வாங்கினேன். ஞாயிறு மாலை ஊர்வலம் போய்த் திரும்பி, திங்கள் காலை டிரைவிங் லைசென்ஸ் புதுப்பிக்க புரோக்கரைப் பார்த்தேன். “நீங்க அலைய வேண்டாம் சார், நான் பாத்துக்கறேன்” என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கு இந்த நாட்டில் எவ்வளவு மதிப்பு! ஹசாரே கேட்ட லோக்பால் சட்டம் 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. முதல் லோக்பால் பதவியேற்க 2019 மார்ச் ஆனது. மிச்சமிருந்த மெழுகுவத்திகள் அதற்கு வெகுமுன்பே, 2012-இன் மின்வெட்டில் தீர்ந்துபோயிருந்தன.

இதெல்லாம் சில்லறை. என் சரித்திரத்தில் பெரிய வீழ்ச்சி பட்டா மாறுதல்தான்.

அம்மா பெயரில் இருந்த இடம். இ-சேவை மையத்தில் முறையாக மனுப் போட்டு, கட்டணம் கட்டி, ரசீது வாங்கி வைத்திருந்தேன். மனு மட்டும் ‘நிலுவையில்’ என்ற சொல்லைத் தாண்டி நகரவில்லை. நேரில் போனேன். “ஃபைல் நம்மகிட்டதான் சார் இருக்கு. நீங்க கொஞ்சம் கவனிச்சுட்டீங்கன்னா…” என்றார் அங்கிருந்த அலுவலர். அவர் தலைக்கு மேலே, லஞ்சம் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம் என்ற பலகை. கீழே புகார் எண். அதை ஒரு துண்டுச் சீட்டில் குறித்து, பணத்தோடு பணமாகப் பர்ஸில் வைத்துக்கொண்டேன்.

லஞ்ச ஒழிப்புப் போலீசார் பொறி வைத்துப் பிடிக்கும் முறை எனக்கு நன்றாகத் தெரியும், படித்திருக்கிறேன். நாம் தரும் நோட்டுகளின் எண்களைக் குறித்துக்கொண்டு, ஃபினால்ஃப்தலீன் பொடியைத் தடவித் திருப்பித் தருவார்கள். அவர் வாங்கியதும் விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கினால் நீர் இளஞ்சிவப்பாகும். பள்ளிக்கூட வேதியியல் வாழ்க்கையில் உதவுகிற அபூர்வ இடம். ஆனால் அதற்குப் பின்னால் வருவதையும் படித்துத் தொலைத்திருந்தேன். வழக்கு பல வருடம் இழுக்கும், கூண்டேறிச் சாட்சி சொல்ல வேண்டும். அதுவரை என் பட்டாவை யார் தொடுவார்கள்? பர்ஸைத் திறந்தேன். சீட்டை விலக்கி, நோட்டை எடுத்தேன்.

2018-இல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியபோது, லஞ்சம் கொடுப்பவருக்கும் ஏழு ஆண்டு வரை சிறை என்று ஆக்கிவிட்டார்கள். வற்புறுத்தலுக்குப் பணிந்து கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் தப்பலாம். என் போன்றவர்களுக்கென்றே விட்ட சந்து. முதல் நாள் கோபம் கொதித்தது, நாளைக்குத் தெளிவாகப் பேசலாம் என்று விட்டேன். பிறகு சொந்தத்தில் ஒரு கல்யாணம். கெடு முடிவதற்குள் பட்டா வந்துவிட்டது. என் பெயர், எழுத்துப் பிழைகூட இல்லாமல்! அலுவலகம் போய், இரண்டு கையையும் கூப்பி, “ரொம்ப நன்றி சார்” என்றேன். கொடுத்த பணத்தைவிட அந்தக் கும்பிடுதான் இன்றும் அரிக்கிறது. பணத்தையாவது அவர் கேட்டார்.

வாக்குக்குப் பணம் வாங்கியதையும் சொல்லிவிடுகிறேன். 2009 ஜனவரி இடைத்தேர்தலுக்குப் பிறகு ‘திருமங்கலம் ஃபார்முலா’ என்று ஊர் பேரே கெட்டது. 2016-இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் தேர்தல் தள்ளிப்போனது, 2017-இல் ஆர்.கே. நகரில் ரத்தானது. 2019-இல் வேலூரில் மக்களவைத் தேர்தலையே ரத்து செய்தார்கள். ஒவ்வொரு முறையும் டீக்கடையில் நாலு பேருக்கு நடுவே, “வாங்குறவனைத் தூக்கி உள்ள வைக்கணும்” என்று முழங்கியவன் நான். சட்டமும் அதையே சொல்கிறது, வாங்குபவருக்கும் ஓராண்டு வரை சிறை உண்டு. பிறகு ஒரு தேர்தலில் எங்கள் வீட்டுக்கும் கவர் வந்தது, இரண்டு தரப்பிலிருந்தும். “திருப்பித் தரணும்னா நீங்களே போய்க் குடுத்துட்டு வாங்க. அந்தப் பையன் நம்ம தெருதான், நாளைக்கு மூஞ்சில முழிக்கணும்” என்றாள் மனைவி. முழிக்கத் துணிவில்லை. ஒரு கவர் கோயில் உண்டியலுக்குப் போனது, இன்னொன்றில் கேஸ் சிலிண்டர் வந்தது. எந்தக் கட்சிப் பணம் சாமிக்கு, எது சிலிண்டருக்கு என்று சொல்ல மாட்டேன். வாக்கு ரகசியமானது.

2022 ஜூலை 9 அன்று கொழும்பில் ஜனாதிபதி மாளிகைக்குள் மக்கள் புகுந்து, அங்கிருந்த குளத்தில் குதித்து நீந்தினார்கள். ஜனாதிபதி கோட்டாபய நாட்டை விட்டே ஓடி, 14-ஆம் தேதி பதவி விலகினார். அந்தக் காணொளியை ‘இங்கே எப்போது?’ என்ற கேள்வியோடு குடும்ப வாட்ஸ்அப் குழு வரைக்கும் அனுப்பினேன். அந்த மக்கள் பெட்ரோலுக்கும் கேஸுக்கும் மாதக்கணக்கில் வரிசையில் காய்ந்தவர்கள். நான் சினிமாக் கவுன்ட்டரில் நிற்க மாட்டாதவன். எனக்கு அந்த நீச்சல் குளம் மட்டும்தான் வேண்டியிருந்தது.

இன்னொரு எழுச்சியைப் பற்றியும் படித்திருக்கிறேன், அதைத்தான் யாருக்கும் அனுப்பவில்லை. ராஜஸ்தான் கிராமங்களில் அரசாங்கக் கூலி வேலை செய்தவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலிகூட முழுதாய்க் கைக்கு வரவில்லை. வருகைப் பதிவேட்டைக் காட்டு என்றால் அரசு ரகசியம் என்றார்கள். இந்திய ஆட்சிப் பணியை உதறிவிட்டு வந்த அருணா ராயும் தோழர்களும் அந்த மக்களோடு சேர்ந்து 1990-இல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 1994 டிசம்பரில் கோட் கிரானா கிராமத்தில் முதல் பொது விசாரணை. கைக்குக் கிடைத்த கணக்குகளை ஊர் கூடிய இடத்தில் உரக்கப் படித்தார்கள், அவ்வளவுதான். இப்படிப் படிக்கப் படிக்கத்தான், செத்துப்போனவர்கள் கூலி வாங்கியதும் கட்டாத கட்டடங்கள் கட்டி முடிந்ததும் ஊர் ஊராக அம்பலமாயின. 1996-இல் பியாவர் நகரில் நாற்பது நாள் தர்ணா. கோரிக்கை ஆட்சியை இறக்கு என்பதல்ல, ஆவணங்களின் நகல் கொடு என்பது. 2005-இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்த பாதை அதுதான். (தமிழ்நாடு 1997-இலேயே ஒரு சட்டம் போட்டது. விதிவிலக்குகள் போக அதில் மிஞ்சியது கொஞ்சம்.) வெள்ளித்திரைத் தாத்தாவைவிடப் பதிவேட்டின் நகல்தான் அதிகாரிகளை அதிகம் மிரட்டியிருக்கும் என்பது என் எண்ணம். ஆனால் நகலுக்கு யார் விசிலடிப்பார்கள்?

நானும் நகல் கேட்டுப் பார்த்தேன். எங்கள் தெருவில் பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுரோடு போட்டார்கள். வாசல் பள்ளமாகி, மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மதிப்பீட்டையும் அளவுப் புத்தகத்தையும் கேட்டு மனுப் போட்டேன். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். அதற்கு முன்பே உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர் சிரித்த முகத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டார். “என்ன சார், என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிச்சுக் குடுத்திருப்பேனே!” காபி குடித்தார். அந்த வாரமே என் வாசலில் வாய்க்காலை மூடி, அழகான கான்கிரீட் சாய்தளம். பைசா செலவில்லை. அப்புறம் வந்த பதிலில், கேட்ட தகவல் ‘தொகுத்துப் பராமரிக்கப்படவில்லை’ என்றிருந்தது. முதல் மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் கெடு. நான் வண்டியைச் சாய்தளத்தில் ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் வாசலில் தடைபட்ட தண்ணீர் இப்போது பக்கத்து வீட்டுக்குள் போகிறது. ஐப்பசி மழை விட்ட மறுநாள் அந்த வீட்டு அக்கா கோடு போட்ட தாளோடு வந்தார். “நீங்க முன்னாடி ஒரு மனுப் போட்டீங்களே தம்பி, இதைச் சரியா எழுதிருக்கனான்னு பாருங்க.” வாய்க்காலை மூடி எங்கள் தெருவில் கட்டிய சாய்தளத்துக்கு யார் அனுமதி கொடுத்தது, ஏன் கொடுத்தார்கள் என்று கேட்டிருந்தார். கதவு எண் என்னுடையது. அதைத் தெரிந்தேதான் கொண்டுவந்தாரா என்று முகத்தைப் பார்த்தேன், கண்டுபிடிக்க முடியவில்லை.

பேனாவை எடுத்தேன். “யார், ஏன்னு எல்லாம் கேட்டா நழுவிடுவாங்க அக்கா. அனுமதி ஆணையின் நகல் தரவும்னு எழுதுங்க. இந்தாங்க, ஸ்டாம்ப் என்கிட்டயே ஒண்ணு மிச்சம் இருக்கு.”