ஜெனரல் ரேங்க்கா, கம்யூனிட்டி ரேங்க்கா?

"இந்த ஒரு வருஷம் மட்டும் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படிச்சிருங்க புள்ளைகளா, அப்புறம் வாழ்க்கை முழுக்க ஜாலிதான்."

பத்தாம் வகுப்பில் கணக்கு டீச்சர் இதைச் சொன்னபோது நான் நம்பினேன். பதினொன்றில் வேறு டீச்சர் வந்தார், ஆனால் அந்த 'ஒரு வருஷம்' அதேதான். பன்னிரண்டில் ஹெச்.எம். காலை வழிபாட்டில் மைக்கைப் பிடித்தே சொன்னார். 2022, 2023, 2024 என்று வரிசையாக மூன்று பொதுத்தேர்வு எழுதி, பல்லெல்லாம் தேய்ந்து காலேஜுக்கு வந்து சேர்ந்தால், முதல் நாள் எங்கள் ஹெச்.ஓ.டி. சொல்கிறார்: "இந்த நாலு வருஷம் மட்டும் ஒழுங்கா இருந்துட்டீங்கன்னா லைஃப் செட்டில்." எல்லாம் விலை ஏறும் காலம், ஒன்று நாலாகியிருக்கிறது.

நான் கோவில்பட்டிப் பக்கம். கரிசல் காட்டில் ஒரு கிராமம். பன்னிரண்டாவது வரை அரசுப் பெண்கள் பள்ளியில் தமிழ்வழி. இப்போது கோயம்புத்தூரில் ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜில் இசிஇ முதலாமாண்டு, ஹாஸ்டல் வாசம். கட்ஆஃப் 168.5. ஊரில் இதைச் சொன்னால் "பரவாயில்லையே தாயி" என்பார்கள். இங்கே சொன்னால் கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டார்கள்.

கவுன்சிலிங் நடந்த அந்த மாதங்களில் என் பெயரைக் கேட்டவர்களைவிட ரேங்க்கைக் கேட்டவர்கள்தான் அதிகம். சித்தப்பா, பஸ் கண்டக்டர், மளிகைக்கடை அண்ணாச்சி, ஒரு கல்யாண வீட்டில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தவர் உட்பட. ஜெனரல் ரேங்க் ஒன்று, கம்யூனிட்டி ரேங்க் ஒன்று, அரசுப் பள்ளி ஒதுக்கீட்டுக்கு இன்னொன்று. மூன்றையும் ஃபோன் நம்பர் போல மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். இந்தப் பின்னணி தெரிந்தால்தான் முதல் வாரம் கணக்கு வகுப்பில் நடந்தது புரியும்.

சார் போர்டில் மூன்று வரிசையாக ஏதோ எண்களை எழுதினார். திரும்பி, இரண்டாவது பெஞ்சிலிருந்த என்னைக் கை காட்டி, இங்கிலீஷில் வேகமாக என்னவோ சொன்னார். கடைசியில் இருந்த 'ரேங்க்' என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. எனக்குத் தெரிந்த கேள்வி. எழுந்து நின்று, தெளிவாகவே கேட்டேன்: "சார், ஜெனரல் ரேங்க்கா, கம்யூனிட்டி ரேங்க்கா?"

அறுபது பேர் ஒரே நேரத்தில் சிரித்தால் சீலிங் ஃபேன் சத்தம் கேட்காது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். சார் நல்ல மனிதர். அவரும் சிரித்துவிட்டு, "உன் ரேங்க் இல்லம்மா, இந்த மேட்ரிக்ஸோட ரேங்க்" என்றார்.

சிரிப்பைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அன்று ராத்திரி நடந்ததைத்தான் தாங்க முடியவில்லை. அடுத்த கட்டில் ஈரோட்டுக்காரியிடம் நோட்டை வாங்கிப் பார்த்தால், சார் போட்ட கணக்கு எனக்குத் தலைகீழாகத் தெரிந்த கணக்கு. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் முதல் பாடமே அணிகளும் அணிக்கோவைகளும்தான். அணியின் தரம் காண்க என்று கேட்டால் தூக்கத்தில்கூடப் போட்டுவிடுவேன். அந்தப் பாடத்தில் எந்த டெஸ்ட்டிலும் எனக்கு ஒரு மார்க்கூடக் குறைந்ததில்லை. தரம்தான் ரேங்க் என்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். சொல்லவில்லை என்பதும் பொய். அந்தப் புத்தகத்தின் கடைசியில் கலைச்சொற்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. இடது பக்கம் தமிழ், வலது பக்கம் இங்கிலீஷ். பரீட்சைக்கு வராது என்பதால் அந்தப் பக்கத்தை நாங்கள் யாரும் படித்ததில்லை. நான் அதில் பூ வரைந்திருந்தேன்.

இப்போது அதே பட்டியலை நானே ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வகைக்கெழு என்றால் டெரிவேட்டிவ். முடுக்கம், ஆக்சிலரேஷன். மின்தேக்கி, கெபாசிட்டர். குறைகடத்தி, செமிகண்டக்டர். நாலு வருஷம் எதைப் படிக்கப்போகிறேனோ அதன் பெயரே தெரியாமல் இசிஇ எடுத்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன் என்று நினைத்தேன். விசாரித்ததில், பெயர் தெரிந்து எடுத்தவர்களுக்கும் பெயர் மட்டும்தான் தெரிகிறது.

வகுப்பில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: செவன் பாயிண்ட் ஃபைவ். மருத்துவத்துக்கு 2020-லும், இன்ஜினியரிங்குக்கு அடுத்த வருஷமும் வந்த அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தவள் என்பதால். படிப்புக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம் எல்லாம் அரசாங்கமே கட்டிவிடுகிறது. அந்தப் பெயரைச் சொல்லும்போது சிலர் குரலில் ஒரு இழுவை இருக்கும். ஒருநாள் கேன்டீனில் யாரோ அப்படிக் கூப்பிட்டதைக் கேட்ட ஃபைனல் இயர் அக்கா ஒருவர், சிஜிபிஏ என்று நினைத்துவிட்டார். "ஃபர்ஸ்ட் இயர்லயே ஏழரையா? பரவாயில்லையே" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். நான் மறுக்கவில்லை. எங்கள் ஊரில் ஏழரை என்றால் சனி. இங்கே அது பாராட்டாக வந்தால் ஏன் விடவேண்டும்?

அப்போது வெறுத்ததையெல்லாம் இப்போது தேடுகிறேன் என்று சொல்ல வரவில்லை. காலை எட்டு மணி ஸ்பெஷல் கிளாஸை நான் இன்றைக்கும் வெறுக்கிறேன். ஆனால் யூனிஃபார்ம் விஷயம் வேறு. இரண்டு செட் யூனிஃபார்ம், ரெட்டை ஜடை, மடித்துக் கட்டிய ரிப்பன்; காலையில் கண்ணாடி பார்க்க அரை நிமிஷம் போதும். எப்போதடா இதைக் கழற்றி எறிவோம் என்று இருந்தது. எறிந்தாயிற்று. இருக்கும் நாலு சுடிதாரை ஆறு நாளுக்கு எப்படி மாற்றிப் போட்டால் திரும்பப் போட்டது தெரியாது என்பதுதான் இப்போது தினமும் காலையில் நான் போடும் முதல் கணக்கு. நாலு டாப்ஸ், மூன்று பேன்ட், மூன்று துப்பட்டா. பெர்முடேஷன், காம்பினேஷன் எல்லாம் வாழ்க்கையில் எங்கே பயன்படும் என்று ப்ளஸ் ஒன்னில் டீச்சரிடம் கேட்டிருக்கிறேன். துப்பட்டாவை இரண்டு தோளிலும் பின் குத்த வேண்டும் என்பது காலேஜ் சட்டம். பள்ளிக்கூடத்தில் ஒரு பக்கம் குத்தினாலே விட்டுவிடுவார்கள்.

சுதந்திரம் என்றால் ராத்திரி எட்டு மணிக்குக் கடைக்குப் போவது என்று வைத்துக்கொண்டால், அது எனக்குக் கிராமத்தில்தான் இருந்தது. "ஏ புள்ள, ஓடிப்போயி கால் கிலோ சீனி வாங்கிட்டு வா" என்று பாட்டி விரட்டுவாள். இங்கே ஆறு மணிக்கு கேட் மூடிவிடும். அதற்கு மேல் வெளியே போக அவுட்பாஸ் வேண்டும். அவுட்பாஸுக்கு அப்பாவிடமிருந்து வார்டனுக்கு ஃபோன் வரவேண்டும். ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் காலேஜ்தான். சேர்ந்து படிக்கலாம், பேசினால்தான் ஐடி கார்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

அப்பாவுக்கு மானாவாரி விவசாயம். உளுந்து, மக்காச்சோளம், மழை பெய்தால் சிரிப்பு. அவரிடம் இருப்பது பட்டன் ஃபோன். பள்ளிக்கு ஒருநாள் போகாவிட்டால், பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் "ஏன் வரலைன்னு கேட்டுட்டு வா" என்று டீச்சர் சொல்லி அனுப்புவார். அந்தப் பிள்ளைக்கு ஒரு மாங்காய்க் கீற்று கொடுத்தால் காய்ச்சல் என்று போய்ச் சொல்லிவிடும். இங்கே முதல் பீரியடுக்குப் போகாவிட்டால் பத்து மணிக்குள் அப்பாவுக்கு மெசேஜ் போய்விடும், மாங்காய் கேட்காத மெசேஜ். போன மாதம் அப்படி ஒன்று போயிற்று. மதியம் அப்பா ஃபோன்: "தாயி, பேங்க்ல இருந்து ஏதோ இங்கிலீஸ்ல வந்திருக்கு. உனக்கு அந்த ஆயிரம் ரூவா ஏறிருச்சுபோல."

ஆயிரம் ரூபாய் என்றது புதுமைப் பெண் திட்டத்தில் மாதாமாதம் வருவது. "ஆமாப்பா, அதாத்தான் இருக்கும்" என்றேன். அப்பா சந்தோஷமாக வைத்துவிட்டார். அந்த மாதம் அவர் கணக்குப்படி எனக்கு நாலு தடவை ஆயிரம் ரூபாய் வந்திருக்கிறது. அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்துக்குக் கீழே போனால் பரீட்சை எழுத முடியாது என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மா ஆபீஸ் போகிறாள். இதை விளக்கியாக வேண்டும். எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை, தீப்பெட்டி ஆபீஸ். நாளடைவில் தீப்பெட்டியும் உதிர்ந்து, "அம்மா எங்கே?" "ஆபீஸ் போயிருக்கு" என்று ஆகிவிடும். பள்ளியில் எங்கள் வகுப்பில் பாதிப் பேரின் அம்மா ஆபீஸ் போகிறவர்கள். யாருக்கும் அதில் சந்தேகம் வந்ததில்லை. காலேஜில் இங்கிலீஷ் மேடம் எல்லாரையும் எழுப்பி செல்ஃப் இன்ட்ரொடக்‌ஷன் கேட்டார். நான் ராத்திரியே எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். "மை மதர் இஸ் கோயிங் டு ஆபீஸ்." மேடம் விட்டிருக்கலாம். "விச் ஆபீஸ்?" என்றார். "மேட்ச் ஆபீஸ்" என்றேன். "ஓ, ஸ்போர்ட்ஸ்?" என்றார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கோவில்பட்டி ஹாக்கிக்குப் பெயர்போன ஊர் என்பதால் பெரிய பொய்யும் இல்லை.

ஆனால் உட்கார்ந்த பிறகு என் மேலேயே எரிச்சல். அம்மாவுக்குக் கூலி குரோஸ் கணக்கில். குரோஸ் என்றால் 144 பெட்டி. பெருக்கல் வாய்ப்பாட்டில் பன்னிரண்டு பன்னிரண்டு நூற்று நாற்பத்து நாலு என்பதை நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை, அம்மா விரலில் படித்தேன். 14 வருஷமாக ஒரு ரூபாய்க்கு விற்ற தீப்பெட்டி 2021 டிசம்பரில் இரண்டு ரூபாய் ஆனது. விலை இரண்டு மடங்கு. கூலியும் இரண்டு மடங்கு ஆகுமா என்று பதினான்கு வயதுக்காரி கேட்டதற்கு அம்மா சிரித்தாள். இப்போது காலேஜ் வாசல் டீக்கடையில் பையன்கள் லைட்டரைத் தட்டி சிகரெட் பற்றவைப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அவர்கள் உடம்புக்குக் கேடு என்பதற்காக இல்லை. தீப்பெட்டி வாங்கிப் பற்றவைத்தால் என்னவாம்?

கடலைமிட்டாய்க் கதையும் இப்படித்தான். ஊரில் இருந்தபோது அதைத் தின்பண்டமாகவே நான் மதித்ததில்லை. சில்லறை இல்லையென்றால் கடைக்காரர் கையில் திணிப்பது. பொங்கல் லீவு முடிந்து வரும்போது அம்மா இரண்டு கிலோ கட்டிக் கொடுத்தாள். மாட்டுத்தாவணியில் இறங்கி, ஆரப்பாளையம் போய், அங்கே கோயம்புத்தூர் பஸ் பிடித்து, சிங்காநல்லூரில் விடியற்காலை இறங்குகிற வரைக்கும் அந்தப் பையை ஒளித்து ஒளித்துத்தான் கொண்டுவந்தேன். ரூமில் பிரித்ததும் சென்னைக்காரி, "ஏய், கோவில்பட்டியா? ஜிஐ டேக் உள்ளதுடி இது!" என்று கத்தினாள். 2020-ல் புவிசார் குறியீடு வந்தது எனக்கும் தெரியும். ஆனால் அதனால் கடலைமிட்டாய்க்கு மரியாதை வரும் என்று தெரியாது. இரண்டு கிலோவும் இரண்டு நாளில் தீர்ந்தது. பதிலுக்கு எனக்குக் கிடைத்தவை: ஒரு பைதான் அசைன்மென்ட், இரண்டு லேப் ரெக்கார்டு, சென்னைக்காரியின் நீலத் துப்பட்டா ஒரு வாரத்துக்கு.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பத்தாவது வரை சத்துணவு முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு 'இன்னைக்கும் முட்டையா' என்று சலித்திருக்கிறேன். மெஸ்ஸில் புதன்கிழமை முட்டை. மெஸ் அக்கா, "இன்னொண்ணு வெச்சுக்க கண்ணு, ஊர் தூரமாச்சே" என்று யாரும் பார்க்காதபோது தட்டில் போடுவார். கொங்குத் தமிழில் யார் என்ன சொன்னாலும் பாசமாகத்தான் கேட்கிறது, வார்டன் திட்டுவதுகூட.

முதல் செமஸ்டரில் நான் தலைநிமிர்ந்து நடந்த பேப்பர் ஒன்று உண்டு. தமிழர் மரபு. ஒரே ஒரு கிரெடிட். முதலாமாண்டில் எல்லாருக்கும் கட்டாயம். அந்தப் பரீட்சைக்கு முன்தினம் ராத்திரி எங்கள் ரூமில் பதினோரு பேர். மெட்ரிக், சிபிஎஸ்இ, ஹிந்தி எடுத்தவர்கள், ஃபிரெஞ்சு எடுத்தவர்கள். பிரெஞ்சுக்காரிக்கு 'ழ' எழுத வரவில்லை. என் ரேங்க் கேள்விக்குச் சிரித்த அதே வாய்கள், குறிஞ்சி முல்லை மருதம் என்று என் பின்னால் ஒப்பித்துக்கொண்டிருந்தன. ஐந்தாவது திணை வந்ததும், "பாலைன்னா எங்க ஊர்ப் பக்கம் மே மாசம்" என்றேன்.

வில்லுப்பாட்டு வந்தபோது எனக்குக் கொஞ்சம் என்னவோ போலிருந்தது. பாட்டி ஊர்க் கொடையில் விடிய விடிய உட்கார்ந்து பார்த்தது. குடத்தின் வாயில் தட்டும் சத்தம், தூக்கத்தில் பாட்டி மடியில் சாய்ந்தால் "முழிச்சுக் கேளு, சாமி கதை" என்று இடுப்பில் விழும் கிள்ளு, வில்லில் கட்டிய மணி. அதையெல்லாம் அவர்களிடம் சொல்ல ஆரம்பித்தேன். கால் மணி நேரம் பேசியிருப்பேன். ஈரோட்டுக்காரி கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள். இரண்டு பேர் கொட்டாவி விட்டார்கள். ஒருத்தி ஃபோனைப் பார்த்தாள்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. "இந்த ஒரு ராத்திரி மட்டும் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படிச்சிருங்க புள்ளைகளா," என்றேன், "அப்புறம் ஜாலிதான்."

சென்னைக்காரி நோட்டிலிருந்து நிமிராமலே கேட்டாள்: "வில்லுப்பாட்டு டூ மார்க்கா, தர்ட்டீன் மார்க்கா?"