முடிசூடிய மன்னர்

லிஃப்ட் கதவு திறந்ததும் முதலில் கண்ணில் படுவது அவருடைய கால்தான். கறுப்பு பேன்ட் போட்டிருந்தால் முழங்காலுக்குக் கீழே பொன்னிறத்தில் முடி. வெள்ளை வேட்டி கட்டியிருந்தால் கறுப்பு முடி. வீட்டில் ஒன்று கோல்டன் ரெட்ரீவர், பெயர் குல்ஃபி. இன்னொன்று தெருவிலிருந்து மகள் தூக்கிக்கொண்டு வந்த நாட்டு நாய், பெயர் கருப்பன். இரண்டும் பேசி வைத்துக்கொண்டு வேலை பார்க்கின்றன. வெளிர் நிறத் துணியெல்லாம் கருப்பனின் இலாகா, அடர் நிறமெல்லாம் குல்ஃபியின் இலாகா. நடுவாக இருக்கட்டுமே என்று பழுப்பு நிறத்தில் ஒரு சஃபாரி தைத்துப் பார்த்தார். அதில் இரண்டும் தெரிந்தது.

வேளச்சேரியில் எங்கள் குடியிருப்பில் நாய் வளர்ப்பவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். ஆனால் நாய் வளர்ப்பவர் வேறு, நான் சொல்லும் ரகம் வேறு. மற்றவர்களிடம் நாயைப் பற்றி விசாரித்தால் நாயைப் பற்றிப் பதில் வரும்.

"குல்ஃபி எப்படி சார் இருக்கு?" என்று ஒருநாள் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன்.

"கொட்டுது சார். நேத்து மட்டும் டப்பா மூணு தடவை ரொம்பிடுச்சு. உங்க வீட்ல என்ன மெஷின்?"

தென்னந்துடைப்பம் ஒன்றும் பூந்துடைப்பம் ஒன்றும் இருப்பதாகச் சொன்னேன். சர்க்கரை இருக்கிறது, ஆனால் மாத்திரை சாப்பிடுவதில்லை என்று சொல்பவனை டாக்டர் பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார்.

குல்ஃபியை வாங்கிய நாளில் அவரும் நம்மைப்போல ஒருவர்தான். குட்டியை விற்றவர் "முடியெல்லாம் பெருசா கொட்டாது சார்" என்று சொல்லியிருந்தார். வரன் பார்க்கும்போது "பையனுக்குக் கோபமே வராது" என்று தரகர் சொல்வதுபோலத்தான் இதுவும். எட்டாம் மாதம் கொட்டத் தொடங்கியது. முதலில் சோபாவில், பிறகு தலையணையில், பிறகு தோசை மாவில். மைத்துனி வீட்டு விருந்தில் ரசத்தில் கிடந்த முடிக்கு யார் வீட்டு முடி என்று பஞ்சாயத்து நடந்தபோது, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது எங்களோடதுதான்" என்று அவரே ஒப்புக்கொண்டாராம்.

அதன் பிறகு படிக்க ஆரம்பித்தார். கோல்டன் ரெட்ரீவருக்கு இரட்டை ரோமம். மேலே நீளமான முடி, அடியில் பஞ்சு போல இன்னொரு அடுக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்தில், சுட்டு விழும் வாத்தைக் குளிர்ந்த தண்ணீரில் நீந்திப் போய்க் கவ்வி வருவதற்காக உருவாக்கிய இனம் அது. வேளச்சேரியில் டிசம்பர் மாதம் ஓரிரு வாரம் தவிர அந்தத் திறமைக்கு வேலை கிடையாது. அந்த ஊர் நாய் பகலின் நீளமும் குளிரும் மாறுவதைப் பார்த்து வருஷத்துக்கு இரண்டு முறை அடிமுடியை மொத்தமாக உதிர்க்கும். இங்கே குல்ஃபி பகலில் ஏசி அறையில் பனிக்காலம், சாயங்காலம் பால்கனியில் கோடைக்காலம், ராத்திரி டியூப்லைட் வெளிச்சத்தில் நள்ளிரவு வரை பகல். எந்தப் பருவம் என்று அதற்கே பிடிபடவில்லை. எதற்கு வம்பு என்று 365 நாளும் உதிர்க்கிறது.

"மொட்டை அடிச்சுடுங்களேன் சார், திருப்பதிக்கு வேண்டிக்கிட்ட மாதிரி" என்றார் எதிர் வீட்டுக்காரர். லிஃப்ட் என்றும் பாராமல் அவரைப் பிடித்துக்கொண்டார். அந்த ரோமம் குளிரை மட்டும் தடுப்பதில்லை, வெயிலையும் தடுக்கிறது. வழித்துவிட்டால் தோல் வெந்துபோகும், மறுபடி வளர்வதும் ஒழுங்காக வளராது. ஆறாவது மாடியிலிருந்து தரைத்தளம் வருவதற்குள் இத்தனையும் சொல்லி முடித்தார். எதிர் வீட்டுக்காரர் இப்போது படியில் இறங்குகிறார்.

சரி, மெஷினுக்கு வருவோம். முதல் மெஷின் அவர் வாங்கியதல்ல. 1982இல் தொடங்கிய யுரேகா ஃபோர்ப்ஸ் கம்பெனி, டை கட்டிய இளைஞர்களை வீடு வீடாக அனுப்பிய காலம் உங்களுக்கு நினைவிருக்கலாம். காலிங்பெல் அடித்து, உள்ளே வந்து, நீங்கள் சுத்தம் என்று நம்பிக்கொண்டிருந்த மெத்தையிலிருந்து ஒரு பிடி தூசியை உறிஞ்சி எடுத்து வெள்ளைத் துணியில் கொட்டிக் காட்டுவார்கள். குடும்ப மானமே துணியில் கிடக்கும். மானத்துக்கு அஞ்சி வாங்கிய மெஷின்கள் பல வீடுகளில் ஒரு மாதம் ஓடின. பிறகு அட்டைப்பெட்டியோடு பரணுக்குப் போய்ப் பித்தளை அண்டாவுக்குப் பக்கத்தில் குடியேறின. அவருடைய மாமனார் வாங்கியதும் அப்படிப்பட்டதுதான். குல்ஃபிக்காக முப்பது வருஷம் கழித்து இறங்கி வந்தது. அது எழுப்பிய சத்தத்தில் குல்ஃபி கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டு, பயத்தில் இன்னும் அதிகமாகக் கொட்டியது. உறிஞ்சியதைவிட உதிர்ந்தது அதிகம் என்று அன்றைய கணக்கு முடிந்தது.

அங்கேதான் அவர் ஆராய்ச்சியாளரானார். பெட்டியின் மேல் போட்டிருக்கும் 1600 வாட்ஸ் என்பது அது எவ்வளவு மின்சாரம் குடிக்கும் என்பதுதானே தவிர, எவ்வளவு உறிஞ்சும் என்பதல்ல என்று கண்டுபிடித்த நாளில் அவர் முகத்தில் இருந்த தெளிவை நான் பார்த்தேன். 2017இல் ஐரோப்பிய ஒன்றியம் 900 வாட்ஸைத் தாண்டக் கூடாது என்று கட்டுப்பாடு கொண்டுவந்ததை, சொந்த ஊர்ப் பஞ்சாயத்துத் தீர்மானம் போல மேற்கோள் காட்டுவார். பிறகு பாஸ்கல், ஏர் வாட், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று என்று பேச்சு வேறு தளத்துக்குப் போய்விட்டது. குடியிருப்பில் அவருக்கு 'பாஸ்கல் சார்' என்று பெயர் வந்தது. புதிதாகக் குடிவந்த ஒருவர் அவரைக் கிறிஸ்தவர் என்று நினைத்துக்கொண்டு கிறிஸ்துமஸுக்குக் கேக் கொடுத்தார். வாங்கிக்கொண்டார், கேக் டப்பாவிலும் ஒரு முடி ஏறியது என்பது வேறு விஷயம்.

ஒருநாள் கடைக்குப் போகத் துணை வேண்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கையில் மஞ்சப்பை. கடையில் நுழைந்து, பளபளவென்றிருந்த தரையில் பையைக் கவிழ்த்தார். விற்பனைக்கு நின்ற பையன் அரண்டுபோய், "என்ன சார் இது?" என்றான்.

"குல்ஃபி."

பையன் இரண்டடி பின்னால் போனான்.

"பயப்படாதீங்க தம்பி, நாய் வீட்ல நல்லா இருக்கு. இது நேத்து கொட்டினது. எடுக்குதான்னு பார்ப்போம், போடுங்க."

பையன் போட்டான். தடித்த நார் வைத்த உருளை. கம்பளத்துக்குள் புதைந்த முடியைக் கிளறி எடுக்க அப்படிச் செய்திருக்கிறார்கள். கம்பளம் இல்லாத நம் டைல்ஸ் தரையில் அது கிளறுவதற்கு ஒன்றுமில்லாமல், சுழன்ற வேகத்தில் பாதி முடியைப் பின்பக்கமாக வீசியது. பின்பக்கத்தில் மேனேஜர் நின்றிருந்தார். மீதி முடி உருளையைச் சுற்றிக்கொண்டு, ஒரு சவுரி தயாரானது.

"நம்ம ஊர் தரைக்கு மெத்துனு இருக்குற உருளை வேணும் தம்பி. சோபாவுக்கு ரப்பர் பட்டை வெச்சது. இதுல வாரா வாரம் நான் கத்திரிக்கோல் எடுத்துக்கிட்டு உக்காரணும்."

"அப்ப இதைப் பாருங்க சார், ஒயர் கிடையாது. ரெண்டு லட்சம் பாஸ்கல் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். எனக்கு அந்தப் பையனை நினைத்துப் பாவமாக இருந்தது.

"தம்பி, பூமியோட காற்றழுத்தமே ஒரு லட்சத்து ஆயிரத்துச் சொச்சம் பாஸ்கல்தான். உள்ளே இருக்குற காத்தை முழுசா எடுத்தாலே அதுக்கு மேல உறிஞ்ச முடியாது. உங்க மெஷின் வேற கிரகத்துல இருந்து வந்துச்சா?"

பையன் மேனேஜரைப் பார்த்தான். மேனேஜர் மீசையிலிருந்து முடி எடுத்துக்கொண்டிருந்தார். ஆனால் கடைசியில் பாஸ்கல் சார் அந்த ஒயரில்லாததைத்தான் வாங்கினார், எட்டுத் தவணையில். டப்பா கொள்ளளவு அரை லிட்டர். முழு வேகத்தில் வைத்தால் பேட்டரி பத்து நிமிஷம்கூடத் தாக்குப்பிடிக்காது. ஹால் முடிந்து பெட்ரூம் வாசலில் அது மூச்சை விடும்போது, பேசிக்கொண்டிருந்த ஆள் சட்டென்று மயங்கி விழுந்தமாதிரி வீடே அமைதியாகிவிடும்.

இந்த ரகத்தாருக்கு வரலாறும் தெரிந்திருக்கும். 1901இல் ஹியூபர்ட் செசில் பூத் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் செய்த உறிஞ்சி குதிரை வண்டியில் வரும். தெருவிலேயே நின்றுகொண்டு, நீளமான குழாய்களை ஜன்னல் வழியாக வீட்டுக்குள் விடும். மறுவருஷம் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்கு முன்னால் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் கம்பளங்களை அதுதான் சுத்தம் செய்தது. இதைச் சொல்லிவிட்டு அவர் யோசனையில் ஆழ்ந்தார். "எல்லாம் சரி சார். அந்தக் குதிரைக்கும் முடி கொட்டியிருக்குமே, அதை யார் எடுத்தா?" நூறு வருஷத்துக்கு மேலாக வரலாற்றாசிரியர் எவருக்கும் தோன்றாத கேள்வி என்று நினைக்கிறேன்.

ரோபோ வந்த கதையைக் குடியிருப்பில் யாரும் அவர் எதிரில் எடுப்பதில்லை. தட்டு மாதிரி வட்டமாக இருக்கும். அதிகாலை நாலரை மணிக்குத் தானாக எழுந்து வீட்டைச் சுற்றி வர ஏற்பாடு செய்திருந்தார். மார்கழி மாதம். முந்தின நாள் கல்யாணத்திலிருந்து வந்த பிரியாணி எலும்பைக் கருப்பன் கொஞ்சம் அதிகமாகவே தின்றிருந்தான். இரவில் வயிறு கலங்கி, ஹாலின் நடுவில் காரியத்தை முடித்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டான். நாலரைக்கு ரோபோ எழுந்தது. அம்மணி ஐந்து மணிக்கு விளக்கைப் போட்டபோது, ஹாலிலிருந்து பூஜையறை வாசல் வரை ஒரே கோட்டில் போட்ட சிக்குக் கோலம். ஒரு மூலை விடவில்லை. வெளிநாட்டிலும் இந்த விபத்து ஏராளமாக நடந்திருக்கிறது. 2021இல் ஓர் அமெரிக்கக் கம்பெனி, 'நாய் அசிங்கத்தைக் கண்டால் விலகிப் போகும், போகாவிட்டால் வேறு மெஷின் தருகிறோம்' என்று உத்தரவாதமே கொடுத்தது. அவருடையது அதற்கு முந்தைய தலைமுறை. அதற்குக் கண் கிடையாது, மூக்கும் கிடையாது. கடமை மட்டும் தெரியும்.

ஊரிலிருந்து மைத்துனன் வந்தான். உள்ளே நுழைந்ததும் தும்மல் பிடித்துக்கொண்டது. "மாமா, இந்த முடி எனக்கு ஒத்துக்கல மாமா" என்றான் பாவம். இவருக்கு வாய்ப்புக் கிடைத்துவிட்டது. "மாப்ளே, முடி ஒண்ணும் பண்ணாது. நாயோட எச்சில்லயும் தோல் செதில்லயும் ஒரு புரோட்டீன் இருக்கு, அதான் வேலையைக் காட்டுது. நம்ம மெஷின்ல ஹெப்பா ஃபில்டர். 0.3 மைக்ரான் துகளக்கூட நூத்துக்கு 99.97 பிடிச்சு வெச்சுக்கும்."

மைத்துனன் நாலு முறை தும்மி முடித்து, "அப்ப நான் ராத்திரி அதுக்குள்ளயே படுத்துக்கட்டுமா மாமா?" என்றான்.

வீட்டு வேலைக்கு வரும் அக்கா இந்த மெஷின் எதையும் தொடுவதில்லை. கையில் ரப்பர் கையுறையை மாட்டி, லேசாக ஈரமாக்கி, சோபாவில் ஒரு தேய் தேய்ப்பார். முடியெல்லாம் சுருண்டு பாய் மாதிரி கையோடு வரும். தரைக்கு ஈரத் துணி. மொத்தம் இருபது நிமிஷம், மின்சாரம் பூஜ்யம். கிளம்பும்போது தினமும் ஒரே வசனம். "சார், ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் அந்த நாயைச் சீவி விடுங்க. சீப்புல வர்றது சோபாவுக்கு வராது."

கால்நடை மருத்துவரும் இதையேதான் சொல்லியிருக்கிறார். அதற்கென்றே பல் வைத்த சீப்பு ஒன்று வாங்கினார்கள். பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. மனிதர் எல்லாம் செய்வார். பத்து நிமிஷம் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து நாயைச் சீவ மட்டும் மாட்டார். "அதுக்கு டைம் இல்ல சார்" என்று என்னிடம் ஒன்றேகால் மணி நேரம் விளக்கினார். என் தாத்தா கிராமத்தில் வளர்த்த சிப்பிப்பாறை வாசலில் படுத்தது, வாசலில் கொட்டியது, காற்று அள்ளிக்கொண்டு போனது என்று நான் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் குட்டை முடி துணியில் ஊசி மாதிரி குத்திக்கொண்டு நிற்கும், அதற்குத் தனி மெஷின் என்று ஆரம்பிப்பார். பேசாமல் இருந்துவிட்டேன்.

இந்த ஆயுத பூஜைக்குச் சுண்டல் வாங்கிக்கொள்ளக் கூப்பிட்டிருந்தார்கள். போனேன். ஹாலில் வாழையிலை போட்டு வரிசையாக நாலு மெஷின்கள். மாமனாருடையது நடுவில், தலைவர் இடத்தில். ஒயரில்லாதது சுவரோரம் சாய்ந்திருந்தது. ரோபோவுக்கு நெற்றி எது என்று தெரியாமல் நடுவிலேயே பெரிதாகச் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டிருந்தார்கள். நாலாவதை நான் முன்பு பார்த்ததில்லை. தண்ணீரையும் உறிஞ்சும் டிரம் மாதிரி ஒன்று, மாலை போட்டுக்கொண்டு நின்றது. எல்லாவற்றின் மேலும் சாய்ந்துகொண்டு குல்ஃபி நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

பாஸ்கல் சார் புது வேட்டியில் முழங்காலிட்டு உட்கார்ந்து, சந்தனத்தில் ஒட்டியிருந்த முடியை விரலால் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"இந்த மெஷின்களைச் சுத்தம் பண்றதுக்குன்னே கையடக்கமா ஒண்ணு வந்திருக்காம் சார்."