மாளிகைக்கு மாவுக்கட்டு

கேள்வி: கை முறிந்தால் மாவுக்கட்டு, விரல் வெட்டுப்பட்டால் பிளாஸ்திரி, சுவருக்குப் பூச்சு. எங்கள் ஊருக்கு இப்போது எது தேவை?
– ஒரு வாசகர், லேக் மார்க்கெட், கொல்கத்தா

பதில்: வட கொல்கத்தாவின் பழைய வீடுகளைப் பார்த்தால் மூன்றும்தான்! ‘மாளிகைகளின் நகரம்’ என்று வெள்ளைக்காரர்கள் மெச்சிய ஊரில் கல்லே கிடையாது. எல்லாம் கங்கை கொட்டிய வண்டல். செங்கல்லை அடுக்கி, சுண்ணாம்பும் செங்கல் பொடியும் குழைத்துப் பூசி, அதையே கிரேக்கத் தூணாக்கினார்கள். 1803-ல் முடிந்த கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லியின் மாளிகையும் அந்த ரகம்தான். 1787-ல் எழும்பிய செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்துக்கோ கௌர் என்ற பழைய நகரின் இடிபாடுகளிலிருந்து நிஜக் கல் வந்தது. அந்த அதிசயத்துக்காகவே ஊர் அதற்குப் ‘பாத்துரே கிர்ஜா’, கல் கோயில், என்று பெயர் வைத்தது.

இப்போது மழை ஓய்ந்ததும் பாருங்கள்: பூச்சு பெயர்ந்து செங்கல் பல்லிளிக்கும், விரிசலில் அரசங்கன்று எட்டிப்பார்க்கும். உடனே சிமென்ட்டை அப்பிவிடுகிறார்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். சிமென்ட் உள்ளேயே பூட்டிவைக்கும், செங்கல் உளுத்துப்போகும். மாவுக்கட்டையாவது சில வாரத்தில் பிரித்துவிடுவார்கள். இதை வீட்டுக்காரர் பிரிக்கமாட்டார், வாடகைக்காரர் கேட்கமாட்டார். அரசங்கன்று பார்த்துக்கொள்ளும்!